ருடோல்ப் டீசல்: முசலத்தோடு போராடிய பொறியியலாளர்



மண்டைதீவிலிருந்து யாழ்ப்பாண நகருக்கு வர இன்று படகு வேண்டியதில்லை. பண்ணைத் தாம்போதி வழியாக பஸ்ஸில் வந்துவிடலாம். ஆனால் நயினாதீவு, நெடுந்தீவு, அனலைதீவு, எழுவைதீவு ஆகிய தீவுகளில் வாழ்வோருக்குக் கடலே வழி. குறிகாட்டுவான் இறங்குதுறையிலிருந்து நெடுந்தீவுப் படகில் நீங்கள் சென்றிருந்தால், பலகையின் கீழிருந்து ஓயாமல் எழும் ஓசையைக் கேட்டிருப்பீர்கள். அது டீசல் எஞ்சினின் ஓசை. பண்ணைத் தாம்போதியில் ஓடும் பஸ்ஸும் அதே வகை எஞ்சினால்தான் ஓடுகின்றது. இத்தீவுகள் சிலவற்றில் பல ஆண்டுகளாக இரவில் விளக்கு எரிந்ததும் டீசல் மின்பிறப்பாக்கிகளால்தான்.

டீசல் என்பதை நாம் எரிபொருளின் பெயராகவே அறிவோம். அது ஒரு மனிதரின் பெயர். அந்த எஞ்சினைக் கண்டுபிடித்தவர் யார் என்று பரீட்சையில் கேட்டால் ஒரே சொல்லில் விடை எழுதிவிடலாம். அந்தச் சொல்லுக்குப் பின்னால் உள்ள வாழ்க்கையை அறிந்தால், எஞ்சினின் உள்ளே நடப்பதும் உங்களுக்குத் தெளிவாக விளங்கும்.

1. பிறப்பும் இடப்பெயர்வும்

ருடோல்ப் டீசல் 1858ஆம் ஆண்டு மார்ச் 18ஆம் திகதி பிரான்சின் தலைநகரான பாரிசில் பிறந்தார். பெற்றோர் ஜேர்மனியின் பவேரியாப் பகுதியிலிருந்து வந்து குடியேறியவர்கள். தந்தையார் தோற்பொருட்கள் செய்து விற்றார். வீட்டில் வசதி குறைவு.

1870இல் பிரான்சுக்கும் பிரசியாவுக்கும் போர் மூண்டது. ஜேர்மனியர் பாரிசில் வாழ முடியாத நிலை வந்தது. டீசல் குடும்பம் உடைமைகளை விட்டுவிட்டு இலண்டனுக்கு இடம்பெயர்ந்தது. 1990இல் தீவகத்து மக்கள் இடம்பெயர்ந்த கதையை உங்கள் வீட்டுப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருப்பீர்கள். அத்தகைய ஒரு நிலையில்தான் பன்னிரண்டு வயதுச் சிறுவனான ருடோல்ப், பெற்றோரைப் பிரிந்து ஜேர்மனியின் ஓக்ஸ்பேர்க் நகரில் இருந்த உறவினர் வீட்டுக்குத் தனியே அனுப்பப்பட்டார்.

அவ்வீட்டுக்காரர் கணித ஆசிரியர். அங்கிருந்தபடி ருடோல்ப் தொழிற்பாடசாலையில் சேர்ந்து படித்தார். பதினான்காம் வயதிலேயே பொறியியலாளராவது என்று முடிவு செய்தார். விரைவில் வேலைக்குப் போய் உழைக்க வேண்டும் என்பது பெற்றோரின் விருப்பம். ஆனால் 1875இல் மியூனிக் தொழினுட்பக் கல்லூரியில் படிக்க அவருக்குப் புலமைப்பரிசில் கிடைத்தது. அதனால் படிப்பு தொடர்ந்தது.

2. தவறிய பரீட்சை

1879இல் இறுதிப் பரீட்சை நெருங்கியபோது டீசல் நெருப்புக் காய்ச்சலால் படுத்துவிட்டார். தம்மோடு படித்தவர்கள் பரீட்சை எழுத, அவரால் எழுத முடியவில்லை. அடுத்த பரீட்சை வரும்வரை அவர் வீணே இருக்கவில்லை. சுவிற்சர்லாந்தின் வின்டர்தூர் நகரில் சுல்சர் நிறுவனத்தின் இயந்திரத் தொழிற்சாலைக்குப் போய்க் கைவேலை பழகினார். 1880 ஜனவரியில் பரீட்சை எழுதி மிக உயர்ந்த பெறுபேற்றைப் பெற்றார். தொழிற்சாலையில் பெற்ற கைப்பழக்கம் பின்னர் அவருக்கு மிகவும் பயன்பட்டது.

3. வீணாகிய வெப்பம்

மியூனிக்கில் டீசலின் ஆசிரியர்களுள் ஒருவர் கார்ல் வொன் லிண்டே. குளிரூட்டும் இயந்திரங்களின் முன்னோடி அவர். வெப்பம் பற்றிய அவரது விரிவுரைகளில் டீசல் ஒரு செய்தியைக் கேட்டார். அக்கால நீராவி எஞ்சின்கள் நிலக்கரியின் வெப்பசக்தியில் பத்து வீதமளவையோ அதிலும் குறைவையோதான் பயனுள்ள வேலையாக மாற்றின. எஞ்சிய தொண்ணூறு வீதமும் வீண். இந்த வீணைக் குறைக்க வேண்டும் என்ற எண்ணம் அவர் மனத்தில் ஊன்றிவிட்டது.

நீங்கள் படித்த வினைத்திறனை இங்கே நினைவுபடுத்துங்கள்.

வினைத்திறன் = (பயனுள்ள வேலை ÷ வழங்கிய சக்தி) × 100

படித்து முடித்தபின் டீசல் பாரிசில் லிண்டேயின் குளிரூட்டி நிறுவனத்தில் வேலை செய்தார். 1883இல் மார்த்தா பிளாஷே என்பவரை மணந்தார். அவர்களுக்கு மூன்று பிள்ளைகள். 1890இல் குடும்பம் பேர்லினுக்குச் சென்றது. நீராவிக்குப் பதிலாக அமோனியா ஆவியால் எஞ்சினை ஓட்டிப் பார்க்கும் முயற்சியில் அவர் பல ஆண்டுகள் ஈடுபட்டார். அது வெற்றி தரவில்லை. அதற்குப் பின்புதான் புதிய வழி ஒன்று அவருக்குத் தோன்றியது.

4. நெருக்கினால் சூடாகும் வளி

துவிச்சக்கர வண்டிக்குக் காற்றடித்து முடித்ததும் பம்பின் அடிப்பகுதியைத் தொட்டுப் பாருங்கள். அது சூடாக இருக்கும். உள்ளே வளி விரைவாக நெருக்கப்படும்போது அதன் வெப்பநிலை உயர்வதே இதற்கு முதன்மையான காரணம். வளியை இன்னும் பன்மடங்கு நெருக்கினால் அதன் வெப்பநிலை 500 பாகை செல்சியசையும் தாண்டும். அப்போது அதனுள் எரிபொருளைச் சிறு துளிகளாகச் செலுத்தினால் தீப்பொறி இல்லாமலே அது பற்றிக்கொள்ளும். டீசலின் எண்ணம் இதுவே. பெற்றோல் எஞ்சினில் தீப்பொறிச் செருகி இருப்பதும் டீசல் எஞ்சினில் இல்லாதிருப்பதும் இதனால்தான்.

1892 பெப்ரவரியில் அவர் ஆக்கவுரிமைக்கு விண்ணப்பித்தார். 1893இல் அது கிடைத்தது. அதே ஆண்டில் தம் கொள்கையை நூலாகவும் வெளியிட்டார். அந்நூலில் 250 வளிமண்டலம் வரையிலான அமுக்கத்தைக் கருதியிருந்தார். அத்தகைய அமுக்கத்தைத் தாங்கும் எஞ்சினை அன்று எவராலும் செய்ய முடியாது. ஆகவே அவ்வளவைப் பெரிதும் குறைத்துக்கொண்டார். ஓக்ஸ்பேர்க் இயந்திரத் தொழிற்சாலையும் குருப் நிறுவனமும் அவருக்கு உதவ முன்வந்தன.

5. நான்கு ஆண்டுப் போராட்டம்

முதலாவது எஞ்சின் 1893இல் ஓக்ஸ்பேர்க்கில் தயாரானது. அதன் உருளையின் விட்டம் 150 மில்லிமீற்றர். உருளையினுள் மேலும் கீழும் ஓடும் பகுதியே முசலம். பேச்சில் நாம் பிஸ்டன் என்று சொல்வது அதைத்தான்.

எரிபொருள் இடாமல், தொழிற்சாலையின் பட்டியால் எஞ்சினைச் சுழற்றிப் பார்த்தார்கள். வளி எதிர்பார்த்த அளவுக்கு நெருங்கவில்லை. முசலத்துக்கும் உருளைச் சுவருக்கும் இடையே அது கசிந்தது. கொள்கையில் பிழை இல்லை. ஆனால் முசலம் வளியைத் தடுத்து வைத்திருக்கவில்லை. வளி நெருங்காவிட்டால் வெப்பம் இல்லை. வெப்பம் இல்லாவிட்டால் எரிபொருள் பற்றாது.

கசிவைக் குறைத்தபின், 1893 ஓகஸ்ட் 10ஆம் திகதி எரிபொருளைச் செலுத்தினார்கள். அது பற்றியது. ஆனால் உள்ளே அமுக்கம் ஏறத்தாழ 80 வளிமண்டலமாக எகிறி, அமுக்கம் அளக்கும் கருவி வெடித்துச் சிதறியது. அருகில் நின்ற டீசல் உயிர் தப்பினார். எஞ்சின் ஓடவில்லை என்றாலும், நெருக்கிய வளியே எரிபொருளைப் பற்றவைக்கும் என்பது உறுதியாயிற்று.

1894 பெப்ரவரி 17ஆம் திகதி எஞ்சின் முதன்முறையாகத் தானே ஓடியது. ஓடியது ஏறத்தாழ ஒரு நிமிடம் மட்டுமே. அதன்பின் மூன்று ஆண்டுகள் திருத்தங்களில் கழிந்தன. முதல் எஞ்சினில் நீர்க்குளிர்ச்சி இருக்கவில்லை. பின்னர் உருளையைச் சுற்றி நீர் ஓடும் உறை அமைத்தார்கள்.

1897 பெப்ரவரி 17ஆம் திகதி, புதிதாக அமைத்த எஞ்சினைப் பேராசிரியர் மோரிட்ஸ் ஷ்ரோட்டர் முறைப்படி பரிசோதித்தார். உருளையின் விட்டம் 250 மில்லிமீற்றர்; முசலத்தின் அடிப்பு நீளம் 400 மில்லிமீற்றர்; வலு ஏறத்தாழ 20 குதிரைவலு. வினைத்திறன் 26.2 வீதம் எனக் கண்டார்கள். அன்று வேறெந்த வெப்ப எஞ்சினும் இதை எட்டியிருக்கவில்லை. இந்த எஞ்சின் மியூனிக்கில் உள்ள ஜேர்மன் நூதனசாலையில் பேணப்படுகின்றது.

ஒரு கணக்கு: 250 மில்லிமீற்றர் விட்டமுள்ள முசலத்தின் பரப்பு ஏறத்தாழ 0.049 சதுர மீற்றர். அதன்மேல் 35 வளிமண்டல அமுக்கம், அதாவது சதுர மீற்றருக்கு ஏறத்தாழ 35 இலட்சம் நியூட்டன், தாக்குவதாகக் கொள்வோம். விசை = அமுக்கம் × பரப்பு. விடை ஏறத்தாழ 1,71,500 நியூட்டன். பதினேழு தொன் நிறையை முசலத்தின் தலையில் ஏற்றியதற்கு இது சமம். இந்தச் சுமையுடன் அது நிமிடத்திற்கு நூற்றைம்பது முறைக்கு மேல் ஏறி இறங்க வேண்டும். வளியைக் கசியவிடவும் கூடாது, உருளையில் இறுகிப்போகவும் கூடாது. டீசல் எதிர்கொண்ட சிக்கலின் அளவு இப்போது உங்களுக்குப் புரியும்.

6. முசலத்தின் அமைப்பு

உலோகம் சூடேறினால் விரியும். ஆகவே முசலத்தை உருளையைவிடச் சற்றுச் சிறியதாகவே செய்வார்கள். அதிகம் சூடேறும் மேற்பகுதி இன்னும் சற்றுச் சிறிதாக இருக்கும். அப்படியானால் இடைவெளியால் வாயு கசியுமே என்று நீங்கள் கேட்கலாம். அதைத் தடுப்பவையே முசல வளையங்கள்.

முசலத்தைச் சுற்றி வெட்டிய பள்ளங்களில் வார்ப்பிரும்பு வளையங்கள் பொருந்தியிருக்கும். ஒவ்வொரு வளையமும் ஓரிடத்தில் வெட்டப்பட்டிருப்பதால் வில் போல் விரிந்து சுவரைத் தொடும். அத்துடன், மேலிருந்து வரும் வாயு வளையத்தின் பின்புறம் புகுந்து அதைச் சுவரோடு மேலும் அழுத்தும். தப்பிச்செல்ல முயலும் வாயுவே தன் வழியை அடைக்கின்றது.

பஸ், சிறு படகு ஆகியவற்றின் எஞ்சின்களில் முசலத்தின் நடுவே குறுக்காக ஓர் ஊசி இருக்கும். அதில் இணைப்புக்கோல் பூட்டப்பட்டிருக்கும். இணைப்புக்கோலின் மறுமுனை சுழற்றித்தண்டைத் திருப்பும். கோல் சாய்ந்து நிற்கும்போதெல்லாம் முசலம் பக்கச் சுவரில் அழுத்தும். சிறு எஞ்சினில் இதைத் தாங்கலாம்.

மாபெரும் கப்பல் எஞ்சின்களில் அது இயலாது. அவற்றில் முசலத்தோடு நேரான தண்டு ஒன்று பொருத்தப்படும். அத்தண்டின் கீழ்முனை குறுக்குத்தலை என்னும் பகுதியோடு சேரும். குறுக்குத்தலை நேரான தடங்களில் ஏறி இறங்கும். இணைப்புக்கோல் தொடங்குவது இந்தக் குறுக்குத்தலையிலிருந்துதான். பக்க அழுத்தத்தைத் தடங்கள் ஏற்றுக்கொள்வதால் முசலம் நேராக ஓடுகின்றது. இத்தகைய முசலத்தின் தலை வெப்பம் தாங்கும் உருக்கினால் ஆனது. எரியும் வாயு 1500 பாகை செல்சியசையும் தாண்டும். இரும்பின் உருகுநிலையோ 1538 பாகை. ஆகவே தலையின் அடிப்பக்கத்துக்கு முசலத்தண்டின் உள்ளே எண்ணெயை ஏற்றித் தொடர்ந்து குளிரச்செய்வார்கள்.

7. எண்ணெய்ப் படலம்

வளையம் சுவரை அழுத்துகின்றது என்றோம். இரும்போடு இரும்பு நேரே உரசினால் இரண்டும் சூடாகி ஒட்டிக்கொள்ளும். எஞ்சின் இறுகிவிட்டது என்று மெக்கானிக் சொல்வது இதைத்தான். இதைத் தடுப்பது மிக மெல்லிய எண்ணெய்ப் படலம். வளையம் விரைந்து ஓடும்போது எண்ணெயைத் தன்முன் ஒதுக்கி அதன்மேல் வழுக்கிச் செல்கின்றது. ஆனால் உச்சியிலும் அடியிலும் முசலம் ஒரு கணம் நின்று திரும்புகின்றது. நிற்கும்போது படலம் மெலியும். உச்சியில் வெப்பமும் அமுக்கமும் அதிகம். ஆகவேதான் உருளையின் தேய்வு உச்சிப்பகுதியில் கூடுதலாக இருக்கும்.

எஞ்சின்களுக்கு எண்ணெயூட்டும் முறைகளை வேறுபடுத்தி அறியுங்கள்.

அ) மீன்பிடிப் படகுகளின் பின்புறம் பூட்டும் இரண்டடிப்பு எஞ்சின்கள் பலவற்றில் எண்ணெய் எரிபொருளுடன் கலந்தே செல்லும். இவை தீப்பொறி எஞ்சின்கள். டீசல் எஞ்சின்கள் அல்ல.

ஆ) பஸ், சிறு படகு ஆகியவற்றின் டீசல் எஞ்சின்களில் அடித்தொட்டியில் உள்ள எண்ணெய் உருளைச் சுவரில் தெறிக்கும். மிகுதியை எண்ணெய் வழிக்கும் வளையம் வழித்துக் கீழே விடும். அதே எண்ணெய் திரும்பத் திரும்பப் பயன்படும்.

இ) குறுக்குத்தலையுள்ள கப்பல் எஞ்சின்களில் இருவேறு எண்ணெய்கள் உண்டு. கீழ்ப்பகுதிக்கு ஒன்று. உருளைச் சுவருக்கு வேறொன்று. இரண்டும் கலக்காதவாறு முசலத்தண்டைச் சுற்றி அடைப்புப் பெட்டி இருக்கும். உருளைக்கான எண்ணெயைச் சுவரிலுள்ள சிறு துளைகள் வழியே, முசலம் கடக்கும் நேரம் பார்த்துச் செலுத்துவார்கள். அது திரும்பி வருவதில்லை.

உருளைக்கு வேறு எண்ணெய் ஏன்? கப்பல் எரிபொருளில் கந்தகம் உண்டு. அது எரிந்து, நீராவியோடு சேர்ந்து சல்பூரிக் அமிலமாகும். அமிலம் உருளைச் சுவரை அரிக்கும். ஆகவே உருளை எண்ணெயில் காரத்தன்மையுள்ள பொருட்களைச் சேர்ப்பார்கள். அவை அமிலத்தை நடுநிலையாக்கும். இரசாயனப் பாடத்தில் நீங்கள் படித்த நடுநிலையாக்கல் தாக்கம், நடுக்கடலில் ஒவ்வொரு கணமும் முசலத்தின் பக்கத்தில் நடந்துகொண்டிருக்கின்றது.

2006இல் கடலுக்கு வந்த எம்மா மேர்ஸ்க் என்னும் கொள்கலன் கப்பலின் எஞ்சினுக்கு 14 உருளைகள். ஒவ்வோர் உருளையின் விட்டமும் 960 மில்லிமீற்றர். அடிப்பு நீளம் 2.5 மீற்றர். நிமிடத்திற்கு 102 சுற்றுகள் சுழலும்போது முசலத்தின் சராசரி வேகம் 2 × 2.5 × 102 ÷ 60 = செக்கனுக்கு 8.5 மீற்றர். இவ்வகை எஞ்சின்களின் வினைத்திறன் ஏறத்தாழ 50 வீதம். டீசலின் 26.2 வீதம் எங்கே வந்து நிற்கின்றது என்று பாருங்கள்.

8. புகழும் கடனும்

டீசலின் வாழ்க்கைக்குத் திரும்புவோம். 1897இன் வெற்றிக்குப் பின் பல நாட்டு நிறுவனங்கள் உரிமை வாங்கின. டீசல் பெருஞ்செல்வரானார். ஆனால் பரிசோதனைக் கூடத்தில் நன்றாக ஓடிய எஞ்சின், வாங்கியவர்களின் தொழிற்சாலைகளில் அவ்வாறு ஓடவில்லை. பழுதுகளும் முறைப்பாடுகளும் வந்தன. உரிமை வழக்குகளும் தொடர்ந்தன. அவரது உடலும் மனமும் தளர்ந்தன. சிறிது காலம் மருத்துவ ஓய்வில் இருந்தார்.

ஏனைய பொறியியலாளர்கள் சிறுகச்சிறுக எஞ்சினைத் திருத்தினார்கள். 1900இல் பாரிஸ் கண்காட்சியில் ஒரு டீசல் எஞ்சின் நிலக்கடலை எண்ணெயால் ஓடிக் காட்டியது. 1912இல் டென்மார்க்கில் கட்டிய செலாண்டியா என்னும் கப்பல், டீசல் எஞ்சின்களின் வலுவால் கொப்பன்ஹேகனிலிருந்து இந்து சமுத்திரம் கடந்து பாங்கொக் சென்றது. புகைபோக்கியும் கொதிகலனும் நிலக்கரி அள்ளிப்போடும் தொழிலாளரும் இன்றிக் கப்பல் ஓடலாம் என்பதை உலகம் கண்டது.

அதே காலத்தில் டீசலின் செல்வம் கரைந்துகொண்டிருந்தது. தவறான முதலீடுகள் அவரைப் பெருங்கடனில் ஆழ்த்தின. 1913 செப்டெம்பர் 29ஆம் திகதி மாலை, அன்ட்வேர்ப் துறைமுகத்தில் டிரெஸ்டன் என்னும் கப்பலில் ஏறி இங்கிலாந்துக்குப் புறப்பட்டார். இரவு உணவுக்குப் பின் தம் அறைக்குச் சென்றவரைக் காலையில் காணவில்லை. பத்து நாட்களுக்குப் பின் கடலில் ஓர் உடல் காணப்பட்டது. அதிலிருந்து எடுத்த பொருட்களைத் தந்தையுடையவை என மகன் அடையாளம் காட்டினார். அவரது மறைவுக்குக் காரணம் இதுவென இன்றுவரை உறுதியாக நிறுவப்படவில்லை. அப்போது அவருக்கு வயது 55.

9. நாம் அறிந்துகொள்வது

டீசலின் கொள்கை 1892இலேயே தாளில் இருந்தது. அதைப் பயன்படும் எஞ்சினாக்க ஐந்து ஆண்டுகள் சென்றன. அக்காலத்தின் பெரும்பகுதி கசிவு, வெப்பம், உராய்வு ஆகியவற்றோடு கழிந்தது. தீவிலிருந்து இரவில் நோயாளியை ஏற்றிவரும் படகு நடுக்கடலில் நிற்காமல் வருவதற்கு, டீசலின் பேரெண்ணத்தோடு நல்ல வளையங்களும் ஒரு மெல்லிய எண்ணெய்ப் படலமும் வேண்டும். படகின் புகை நீலநிறமாகத் தெரிந்தால் எண்ணெய் எரிகின்றது, பெரும்பாலும் வளையங்கள் தேய்ந்துவிட்டன என்று பொருள். உரிய காலத்தில் எண்ணெய் மாற்றுவது உயிர் காக்கும் வேலை. மாற்றிய பழைய எண்ணெயை நிலத்தில் ஊற்றாதீர்கள். நமது சுண்ணாம்புக்கல் நிலத்தில் அது கிணற்றைச் சேரும்.

நினைவில் வைத்திருக்க வேண்டிய ஆண்டுகள்

1858 – பிறப்பு
1880 – இறுதிப் பரீட்சையில் சித்தி
1893 – ஆக்கவுரிமை, முதலாவது எஞ்சின்
1894 – எஞ்சின் தானே ஓடியது
1897 – 26.2 வீத வினைத்திறன்
1912 – செலாண்டியாவின் பயணம்
1913 – மறைவு

பயிற்சி வினாக்கள்

1. டீசல் எஞ்சினுக்குத் தீப்பொறிச் செருகி தேவையில்லை. காரணம் தருக.
2. முசல வளையத்தின் தொழில்கள் இரண்டைக் குறிப்பிடுக.
3. உருளையின் உச்சிப்பகுதி கூடுதலாகத் தேய்வது ஏன்?
4. கப்பல் எஞ்சினின் உருளை எண்ணெயில் காரத்தன்மையுள்ள பொருள் சேர்ப்பதன் நோக்கம் யாது?
5. ஓர் எஞ்சினின் அடிப்பு நீளம் 0.4 மீற்றர், அது நிமிடத்திற்கு 150 சுற்றுகள் சுழல்கின்றது. முசலத்தின் சராசரி வேகத்தைக் காண்க. (விடை: செக்கனுக்கு 2 மீற்றர்)